பஞ்சு எங்க விளைஞ்சதுன்னு பிளாக்செயின் சொல்லிடுமா?

ஆர்கானிக் காட்டன் பனியனையும் சாதா காட்டன் பனியனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எவ்வளவு நேரம் தடவிப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது, சாயம் போட்டு முடிஞ்ச துணின்னா லேப்ல கொண்டு போய் குடுத்தாக்கூட உறுதியா சொல்றது ரொம்ப கஷ்டம். ஆர்கானிக்னு நம்பி கடையில கூடுதலா காசு குடுக்கறவங்க உண்மையில ஒரு பேப்பர நம்பித்தான் குடுக்கறாங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அந்த பேப்பர் வேலையத்தான் நான் பாக்கறேன், சர்டிபிகேட் வாங்கறது, மில்லுகிட்ட இருந்து டாக்குமெண்ட் கேட்டு கேட்டு வாங்கறது, பையரோட, அதாவது எங்ககிட்ட துணி வாங்கற கம்பெனியோட, போர்ட்டல்ல ஏத்தறது, ஆடிட் வந்தா பைல் எடுத்து வைக்கறது, இதான் வேலை. இப்ப கொஞ்ச நாளா வர்ற மெயில் எல்லாத்துலயும் பிளாக்செயின் ட்ரேசபிலிட்டி, டேக்ல க்யூஆர் கோட், ஸ்கேன் பண்ணா வயல் வரைக்கும் தெரியணும்னு எழுதறாங்க. எங்க ஆபீஸ்லயே பல பேரு அது பிட்காயின் சம்பந்தப்பட்டது தானேன்னு கேக்கறாங்க, ஓனருங்க நெறைய பேரு இன்னொரு செலவுன்னு நினைக்கறாங்க, சாஃப்ட்வேர் விக்க வர்றவங்க எல்லா பிரச்சனையும் தீந்துடும்னு சொல்றாங்க. எனக்கு இதுல ஒரு அபிப்பிராயம் இருக்கு, அத கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன்.

மொதல்ல பஞ்சு வர்ற வழிய சொல்லணும். ஆர்கானிக் பருத்தி பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ஒடிசா, குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையுது. ரெண்டு ஏக்கரா மூணு ஏக்கரா வச்சிருக்கற சின்ன விவசாயிங்க. தனித்தனியா சர்டிபிகேட் வாங்க கட்டுப்படியாகாதுன்னு குழுவா சேத்து, ஒரு குழுவுல 500 பேர் வரைக்கும், அந்த குழுவுக்கு ஒரு சர்டிபிகேட் குடுக்கற முறை. வெளியில இருந்து வர்ற இன்ஸ்பெக்டர் எல்லா வயலையும் பாக்க மாட்டாரு, ஒரு பங்கத்தான் பாப்பாரு, மிச்சத்துக்கு குழுவோட சொந்த ரெக்கார்டுதான். அங்க இருந்து கொட்டைய பிரிக்கற ஜின்னிங் மில், ஜின்னிங்ல இருந்து பேலா, அதாவது பஞ்சு மூட்டையா, கட்டி ட்ரேடர், ட்ரேடர்கிட்ட இருந்து ஸ்பின்னிங் மில், நூலா மாறி இங்க நிட்டிங், அப்புறம் டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிரிண்டிங் இருந்தா அது, அயர்னிங், பேக்கிங். இதுல பாதி ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்ல கூலிக்கு குடுத்து வாங்கறது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு ட்ரான்சாக்ஷன் சர்டிபிகேட் வரணும், இத்தன கிலோ இந்த லாட் இவங்ககிட்ட இருந்து அவங்களுக்கு போச்சுன்னு. இந்த சங்கிலில எங்கயாவது ஒரு பேப்பர் பொய்யா இருந்தா அதுக்கப்புறம் வர்ற எல்லா பேப்பரும் ஒழுங்கா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதுதான் நடந்துச்சு. 2020 அக்டோபர் கடைசில, ஆர்கானிக் துணிக்கு உலக அளவுல தரம் வைக்கற காட்ஸ் (GOTS) அமைப்பு வெளிப்படையா ஒரு அறிக்கை விட்டாங்க, இந்தியாவுல 20,000 டன் பருத்தி ஆர்கானிக்னு தப்பா சர்டிபை ஆயிருக்குன்னு. நாட்டோட மொத்த ஆர்கானிக் பருத்தியில ஆறுல ஒரு பங்கு அளவுக்கு. 11 கம்பெனிகளுக்கு தடை போட்டாங்க. எப்படி பண்ணியிருந்தாங்கன்னு படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் வேலையே ஓடல. போலி சர்டிபிகேட் அடிச்சு, அதுல க்யூஆர் கோட் வச்சு, அந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா அபீடாவோட (விவசாயப் பொருள் ஏற்றுமதிய பாக்கற மத்திய அரசு அமைப்பு) வெப்சைட் மாதிரியே அச்சு அசலா உருவாக்கின ஒரு போலி வெப்சைட்டுக்கு போகும், அங்க போய் பாத்தா அந்த போலி சர்டிபிகேட்டுக்கு ஆதாரமா இன்னும் சில போலி சர்டிபிகேட் இருக்கும். அதாவது சந்தேகப்பட்டு செக் பண்ணவங்களையும் சேத்து ஏமாத்தியிருக்காங்க. க்யூஆர் கோட் இருக்கு, ஸ்கேன் பண்ணா பச்சை டிக் வருது, அதுக்கு மேல ஒரு மில்லுல உக்காந்திருக்கற டாக்குமெண்டேஷன் ஆள் என்ன பண்ண முடியும்.

இப்ப பிளாக்செயின் இந்த இடத்துல என்ன பண்ணும்னு பாக்கலாம். டெக்னிகலா ரொம்ப போகாம சொல்றேன். ஒரு சர்டிபிகேட் பைல கம்ப்யூட்டர் ஒரு கணக்குல போட்டா அந்த பைலுக்குன்னு கைரேகை மாதிரி ஒரு நீள நம்பர் வரும், பைல்ல ஒரு புள்ளி மாத்தினாக்கூட நம்பர் மொத்தமா மாறிடும். அந்த நம்பர ஒரு பேரேட்டுல எழுதி, அடுத்த பதிவுக்குள்ள முந்தின பதிவோட நம்பரையும் சேத்து, அந்த பேரேட்ட ஒருத்தர் கையில மட்டும் விடாம சர்டிபிகேஷன் பாடி, மில்லு, பையர், அரசு அமைப்புன்னு பல பேரு கையில ஒரே மாதிரி காப்பியா வச்சுக்கறது. யாராவது ஒருத்தர் தன்னோட காப்பியில பழசத் திருத்தினா மத்தவங்க காப்பியோட ஒத்துப்போகாது, உடனே தெரிஞ்சுடும். புதுசா ஒரு சர்டிபிகேட் எழுதணும்னாலும் அதுக்கு உரிமை இருக்கற சர்டிபிகேஷன் பாடியோட டிஜிட்டல் கையெழுத்து வேணும்.

இது இருந்திருந்தா அந்த போலி வெப்சைட் வேலை செஞ்சிருக்குமா? இங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், விக்க வர்றவங்க சொல்றதில்ல. பிளாக்செயின்ல பதிவு இருக்குன்னு காட்டற பக்கமும் ஒரு வெப்சைட்தான், அதையும் போலியா பண்ணலாம், டேக்ல இருக்கற க்யூஆர் கோட் அங்க கூட்டிட்டு போகலாம். ஸ்கேன் பண்றதால பாதுகாப்பு வராது. மில்லு தன்கிட்ட இருக்கற காப்பியில, தன்னோட சிஸ்டத்துல, அந்த நம்பர் இருக்கான்னு தானே தேடிப் பாத்தா மட்டும்தான் பாதுகாப்பு. எதிராளி குடுத்த லிங்க தொடவே தேவையில்ல. அந்த வசதி இருந்திருந்தா 2020 மோசடியில அந்த வெப்சைட் பாகம் மொத நாளே மாட்டியிருக்கும்னு நான் உறுதியா நம்பறேன். அதனால இது வெறும் பேஷன்னு ஒதுக்கற ஆளு நான் இல்ல.

ரெண்டாவது பெரிய பிரயோஜனம் கிலோ கணக்கு. 100 கிலோ பருத்திய ஜின்னிங் பண்ணா 33, 35 கிலோ பஞ்சுதான் வரும், மிச்சம் கொட்டை. அத கோம்பிங் பண்ணி நூல் ஓட்டினா சுமார் 25 கிலோ. நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாத்துலயும் கழிவு போக கடைசில பனியனா நிக்கறது 20 கிலோவுக்கு பக்கத்துல, நூத்திச்சொச்சம் டி-சர்ட்னு வச்சுக்கலாம். இந்த கணக்கு எங்க ஊர்ல பதினெட்டு வயசு கட்டிங் பையனுக்கும் தெரியும். ஆனா ஒரு ட்ரேடர் அதே 10 டன் சர்டிபிகேட்ட காட்டி நாலு மில்லுக்கு சரக்கு வித்தா, அந்த நாலு மில்லும் ஒருத்தர ஒருத்தர் கேக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது. போட்டிக்காரங்க எப்படி கேப்பாங்க. பிளாக்செயின்ல ஒரு கிலோவுக்கு ஒரு டிஜிட்டல் டோக்கன்னு வச்சு, சரக்கு கை மாறும்போது டோக்கனும் கை மாறணும், குடுத்துட்டா உங்ககிட்ட இருக்காதுன்னு வந்துட்டா இந்த வேலை முடியாது. பத்து டன் டோக்கன் வச்சிருக்கறவர் பத்து டன்தான் விக்க முடியும்.

இத நிஜமாவே பண்ணிட்டு இருக்காங்க. டெக்ஸ்டைல்ஜெனசிஸ்னு ஒரு பிளாட்பார்ம், பின்னாடி பிரெஞ்சு கம்பெனி லெக்ட்ரா அதுல பெரும்பங்கு வாங்கிட்டாங்க. ஆஸ்திரியாவோட லென்சிங் கம்பெனி, மரக்கூழ்ல இருந்து டென்செல், ஈகோவெரோன்னு விஸ்கோஸ் மாதிரி பைபர் போடறவங்க, 2020ல இருந்து இத உலகம் பூராவும் கொண்டு வந்தாங்க, ஒரு கிலோ பைபருக்கு ஒரு பைபர்காயின். விஸ்கோஸ் ஆர்டர் எடுக்கற திருப்பூர்காரங்க நெறைய பேருக்கு இது பழக்கம்தான். அங்க நல்லாவே வேலை செய்யுது, ஏன்னு யோசிச்சா காரணம் சுலபம். லென்சிங் பைபர் சில பேக்டரியில மட்டும் உருவாகுது. எத்தன கிலோ உருவாச்சுன்னு அந்த கம்பெனிக்கே தெரியும், கேட்ல எடைமேடை இருக்கு, டோக்கன் போடறவரும் பைபர் போடறவரும் ஒரே ஆள். பைபர்லயே கண்டுபிடிக்கற அடையாளமும் வச்சிருக்காங்க.

பருத்தி அப்படி இல்ல. பருத்திக்கு கேட் கெடையாது.

ஒரு கிராமத்துல ஆர்கானிக் வயலுக்கும் பிடி பருத்தி வயலுக்கும் வரப்பு ஒன்னுதான். பிடிங்கறது புழுவ தாங்கற மாதிரி மரபணு மாத்தின பருத்தி, ஆர்கானிக்ல அது கூடாது. இந்தியாவுல பருத்தி போடற நிலத்துல 90 சதவீதத்துக்கு மேல பிடி விதைதான், பிடி இல்லாத நல்ல விதை கெடைக்கறதே பெரும்பாடு. அறுவடை சமயத்துல வண்டி வண்டியா ஜின்னிங் மில் வாசல்ல வந்து நிக்கும், ரெண்டும் ஒரே வெள்ளை. அந்த வாசல்ல நின்னு "இது ஆர்கானிக், இத்தன கிலோ"ன்னு ஒருத்தர் சிஸ்டத்துல எழுதறாரு பாருங்க, அந்த ஒரு பதிவு மேலதான் மிச்ச கட்டடம் முழுக்க நிக்குது. அவர் பொய் எழுதினா பிளாக்செயின் அந்த பொய்ய யாராலயும் அழிக்க முடியாதபடி பத்திரமா வச்சிருக்கும். அதுக்கு மேல அதால ஒன்னும் பண்ண முடியாது. வால்மார்ட் கதைய விக்க வர்றவங்க எல்லாரும் சொல்வாங்க, கடையில இருக்கற மாம்பழத் துண்டு எந்த தோட்டத்துதுன்னு கண்டுபிடிக்க கிட்டத்தட்ட ஏழு நாள் ஆச்சு, ஐபிஎம்மோட சேந்து பிளாக்செயின்ல போட்டப்ப 2.2 நொடியில வந்துச்சுன்னு. உண்மைதான், கெட்டுப்போன உணவ சீக்கிரம் திரும்ப எடுக்க அது பெரிய விஷயம். ஆனா அங்க தேடற வேகம்தான் கூடுச்சு. எழுதினது நிஜமான்னு பாக்கறது வேற வேலை, அதுக்கு யாராவது வெயில்ல நடந்து வயலுக்கு போகணும்.

அந்த வேற வேலைக்கு வழி இல்லாம இல்ல. பிடி பருத்தியோட ஜீன டெஸ்ட்ல கண்டுபிடிக்கலாம், அதுக்குன்னு ஐஎஸ்ஓல ஒரு பொது முறையே 2019ல வந்துடுச்சு. ஆனா கெமிக்கல் படாத வரைக்கும்தான், பஞ்சுலயோ நூலுலயோ சாயம் போடாத துணியிலயோ எடுக்கணும், ப்ளீச் பண்ணி சாயம் ஏறிட்டா டெஸ்ட் பண்ற அளவுக்கு பருத்தியோட சொந்த டிஎன்ஏ மிஞ்சாது. அதனால டெஸ்ட் எடுக்க வேண்டிய எடம், சாயம் போடாத கிரே துணி டையிங்குக்கு போறதுக்கு முன்னாடி, இத எத்தன பேரு கரெக்டா பண்றாங்கன்னு எனக்கு கவலை. பஞ்சு எந்த மண்ணுல விளைஞ்சதுன்னு அதுல இருக்கற தனிமங்கள வச்சு சொல்ற நியூசிலாந்து கம்பெனி ஓரிடைன் இருக்கு, பஞ்சுல தனியா ஒரு டிஎன்ஏ குறியீடு தெளிச்சு கடைசி துணி வரைக்கும் தேடற சுவிஸ் கம்பெனி ஹேலிக்சா இருக்கு. காட்ஸே யூரோப்பியன் ஸ்பேஸ் ஏஜென்சியோட சேந்து சாட்டிலைட் படத்துல இருந்து ஆர்கானிக் பருத்தி வயல அடையாளம் காட்டற வேலைய இந்தியாவுல ஆரம்பிச்சாங்க. இதுல எது வேலை செய்யுதோ அத பிளாக்செயினோட கட்டணும். டோக்கன் போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் ரிப்போர்ட் வரணும், குழுவுல இருக்கற வயலோட பரப்புக்கு எத்தன குவிண்டால் விளைய முடியுமோ அதுக்கு மேல டோக்கன் போட சிஸ்டம் விடக்கூடாது. பேரேடும் மண்ணும் ஒட்டற எடம் அதுதான், பணத்த அங்க போடணும். இப்ப பெரும்பாலும் பணம் போறது டேக்ல ஸ்கேன் பண்ணா வர்ற அழகான பக்கத்துக்கு, வயல் போட்டோ, சிரிக்கற விவசாயி, மேப்ல ஒரு புள்ளி.

அந்த விவசாயிய பத்தி இன்னொன்னு சொல்லணும். நான் பாத்த வரைக்கும் எந்த சிஸ்டத்துலயும் அவருக்கு கெடச்ச விலைய எழுதறதுக்கு கட்டாயமான ஒரு கட்டம் இல்ல. கிலோ இருக்கு, லாட் நம்பர் இருக்கு, லாரி நம்பர் கூட இருக்கு. சாதா விவசாயத்துல இருந்து ஆர்கானிக்குக்கு மாறற கன்வர்ஷன் காலத்துல விளைச்சல் குறைஞ்சு, பூச்சி மருந்து அடிக்காம களை எடுக்க ஆள் கூலி குடுத்து, கடைசில மார்க்கெட் விலைக்கே பருத்திய போட்டுட்டு போறவர் அடுத்த வருஷம் பிடிக்கு போயிடுவாரு, போனா அவர குத்தம் சொல்ல முடியாது. பக்கத்து வயல் மகரந்தம் பட்டோ விதையில கலப்படம் இருந்தோ டெஸ்ட்ல பெயில் ஆனா அந்த நஷ்டமும் அவருக்குத்தான். கடையில ஸ்கேன் பண்றவங்களுக்கு மேப்ல புள்ளி காட்டறத விட, இந்த லாட்டுக்கு விவசாயிக்கு மார்க்கெட் விலைக்கு மேல கிலோவுக்கு இவ்வளவு போச்சுன்னு ஒரு வரி காட்டினா போதும், பேங்க் டிரான்ஸ்பர் நம்பர் வச்சு அத சரிபாக்கறதும் ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. பிரீமியம் கைக்கு போனா ஆர்கானிக் பருத்தி தானா கூடும், பருத்தி கூடினா போலிக்கு தேவை குறையும். இத எந்த பையர் மீட்டிங்லயும் நான் விடாம சொல்றேன்.

இப்ப எங்க ஊர் கதைக்கு வரேன், எனக்கு மனசுல இருக்கறது இதுதான்.

நொய்யல் வெள்ளியங்கிரில பொறந்து கோயம்புத்தூர், திருப்பூர் தாண்டி கரூர் பக்கம் காவிரில சேருது. 1992ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினாங்க, கீழ இருக்கற நிலத்துக்கு பாசனத்துக்காக. அஞ்சாறு வருஷத்துலயே அது சாயத்தண்ணி தேங்கற குட்டையா ஆயிடுச்சு, உப்பு ஏறி கிணறு கெட்டு, தென்னை கருகி, மாடு குடிக்காத தண்ணி. விவசாயிங்க சங்கமா சேந்து கேஸ் போட்டாங்க, 2006ல ஹைகோர்ட் ஒரு சொட்டு கழிவுநீர் கூட வெளிய போகக்கூடாதுன்னு சொல்லுச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அப்பவும் நடக்கலைன்னு 2011 ஜனவரில 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைய மொத்தமா மூடச்சொல்லி உத்தரவு வந்துச்சு. அந்த வருஷம் இந்த ஊர்ல இருந்தவங்களுக்கு தெரியும் எப்படி இருந்துச்சுன்னு. நிட்டிங் ஓடல, பவர் டேபிள் தையல் யூனிட் ஓடல, வெளி மாநிலத்துல இருந்து வந்தவங்க ரயிலேறி போனாங்க, துணிய மூட்டை கட்டி வேற ஊருக்கு சாயத்துக்கு அனுப்பினாங்க. விவசாயிங்க பக்கம் நியாயம் இருந்துச்சு, வேலை போனவங்க பக்கமும் துயரம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் இந்த ஊரு கடன் வாங்கி கஷ்டப்பட்டு ஒரு காரியம் செஞ்சுது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல ஆர்ஓ, எவாப்பரேட்டர் எல்லாம் போட்டு 90 சதவீதத்துக்கு மேல தண்ணிய திரும்ப எடுத்து அதே சாயத்துக்கு ஓட்டறாங்க, உப்புக்கரைசலயும் திரும்ப பயன்படுத்தறாங்க. மிஞ்சற கலப்பு உப்ப என்ன பண்றதுங்கற பிரச்சனை இன்னும் தீரல, கரண்டும் விறகும் நெறைய செலவாகுது, ராத்திரில திருட்டுத்தனமா தொறந்து விடற ஆளுங்க இன்னும் மாட்டிட்டுதான் இருக்காங்க, அதையெல்லாம் மறைக்கத் தேவையில்ல. ஆனாலும் ஒரு முழு தொழில் நகரம் ஜீரோ டிஸ்சார்ஜ்ல சாயம் போடறது உலகத்துல ரொம்ப அபூர்வம். இதுக்கு கிலோவுக்கு இத்தன ரூபான்னு கூடுதல் செலவு டையிங் பில்லுல வருது. அதே பையர் அதே ஸ்டைல வேற ஒரு நாட்டுல, கழிவுநீர இந்த அளவுக்கு சுத்திகரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு ஊர்ல, கம்மி ரேட்டுக்கு வாங்கிட்டு "உங்க விலை ஒத்துவரல"ன்னு மெயில் போடறப்ப எனக்கு வர்ற ஆத்திரத்த எழுத முடியாது. அவங்க டேக்லயும் சஸ்டெய்னபிள்னு பச்சை எழுத்துல போட்டிருக்கும்.

பிளாக்செயின் எனக்கு நிஜமா வேணும்னு தோணறது இங்கதான். பருத்திக்கு இல்லாத கேட் தண்ணிக்கு இருக்கு. டையிங் யூனிட்ல இருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு போற குழாய்ல ப்ளோ மீட்டர் இருக்கு, திரும்பி வர்ற தண்ணிக்கும் மீட்டர் இருக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைன்லயே ரீடிங் போகுது. மனுசன் டைப் பண்ணாம மீட்டரே தன் கையெழுத்தோட ரீடிங்க பேரேட்டுல எழுதற மாதிரி பண்ணலாம், அதுக்கு தேவையான கருவி ஒன்னும் நிலாவுல இல்ல. எத்தன லிட்டர் போச்சு, எத்தன லிட்டர் வந்துச்சு, அந்த நாள் எத்தன கிலோ துணி ஓடுச்சு, மூணு நம்பர். மூணும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகலைன்னா எங்கயோ தப்பு இருக்குன்னு கணக்கே சொல்லிடும். துணி ஓடியிருக்கு, தண்ணி நிலையத்துக்கு வரலைன்னா அது எங்க போச்சுன்னு கேள்வி வரும். மீட்டர் வயர கழட்டி ஏமாத்தலாம்தான், ஆனா கரண்ட் பில்லு, சாயம் வாங்கின பில்லு, துணியோட எடை எல்லாத்தையும் சேத்து ஏமாத்தறது கஷ்டம். இந்த ரெக்கார்ட கையில வச்சுட்டு பையர்கிட்ட, எங்க லாட்டுக்கு இத்தன லிட்டர் தண்ணி திரும்ப வந்திருக்கு, நீங்க கம்மி விலைக்கு வாங்கற ஊர்ல இதே கணக்க காட்ட சொல்லுங்கன்னு நேருக்கு நேர் கேக்கலாம். இத்தன வருஷம் வாய்ல மட்டும் சொல்லிட்டு இருந்தத கணக்கா காட்ட முடியும்.

இதுக்கு பிளாக்செயின் எதுக்கு, சாதா டேட்டாபேஸ் போதாதான்னு என் கூட வேலை பாக்கற ஒருத்தர் கேட்டாரு, நல்ல கேள்வி. எல்லாரும் நம்பற ஒரே ஒரு அமைப்பு இருந்தா டேட்டாபேஸே போதும், ஆர்கானிக் ரெக்கார்டு வைக்கற அபீடாவோட ட்ரேஸ்நெட் 2010ல இருந்து அப்படித்தான் ஓடுது. ஆனா அமெரிக்கா 2021ல அபீடாவோட இருந்த ஆர்கானிக் அங்கீகார ஒப்பந்தத்த முடிச்சுக்கறோம்னு சொன்னாங்க, யூரோப்பும் இங்க சில சர்டிபிகேஷன் பாடிய லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க. அதாவது எல்லாரும் நம்பற அந்த ஒரு அமைப்பு இல்ல. திருப்பூர்காரன் சொல்றத பையர் நம்பல, பையர் வச்சிருக்கற போர்ட்டல்ல நாளைக்கு என்ன மாத்துவாங்கன்னு திருப்பூர்காரனுக்கு தெரியாது. ஒருத்தர ஒருத்தர் முழுசா நம்பாத ஆளுங்க சேந்து ஒரே கணக்கு வைக்கணும்னா பொதுப் பேரேடு அர்த்தமுள்ளதுதான். கரண்ட் நெறைய தின்னும்னு ஒரு பயம் இருக்கு, அது பிட்காயின் முறைக்கு பொருந்தும், இந்த மாதிரி குறிப்பிட்ட ஆளுங்க மட்டும் சேர்ற பேரேட்டுக்கு அந்த செலவு கெடையாது, பிட்காயின் மாதிரி இன்னொரு பெரிய பிளாக்செயினான எத்தீரியமே 2022 செப்டம்பர்ல முறைய மாத்தி கரண்ட் செலவ 99 சதவீதத்துக்கு மேல குறைச்சுட்டாங்க.

ஆனா பேரேடு யாருதுங்கறது முக்கியம். கப்பல் சரக்குக்கு மேர்ஸ்க்ங்கற கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் சேந்து 2018ல ட்ரேட்லென்ஸ்னு ஒரு பிளாக்செயின் கொண்டு வந்தாங்க, பணமும் இருந்துச்சு, டெக்னாலஜியும் இருந்துச்சு. 2022 நவம்பர்ல மூடறோம்னு அறிவிச்சாங்க, தொழில் முழுக்க ஒன்னு சேந்து வரலன்னு அவங்களே காரணம் சொன்னாங்க. போட்டிக்காரரோட மேடையில மத்தவங்க எப்படி மனசார டேட்டா போடுவாங்க. இங்கயும் அதே கதை நடக்குது, ஒரு பையருக்கு ஒரு போர்ட்டல், இன்னொருத்தருக்கு இன்னொன்னு, அதே லாட்டோட அதே விவரத்த நாலு எடத்துல நாங்க டைப் பண்றோம். பத்து மெஷின் வச்சு நிட்டிங் ஓட்டறவருக்கு கம்ப்யூட்டர்ல உக்கார தனி ஆள் கெடையாது, அவரு பொண்ணு காலேஜ்ல இருந்து வந்து சாயங்காலம் ஏத்திக் குடுக்குது. அவருக்கு இன்னொரு பயமும் இருக்கு, யாருகிட்ட நூல் வாங்கறேன், என்ன ரேட்டுன்னு எல்லாம் பையருக்கு தெரிஞ்சுட்டா நாளைக்கு என்ன தாண்டி நேரா மில்லுக்கு போயிடுவாங்களேன்னு. நியாயமான பயம். விவரத்த அவர்கிட்டயே வச்சுட்டு அந்த நீள நம்பர மட்டும் பேரேட்டுல போடலாம், சந்தேகம் வந்தா ஆடிட்டர் மட்டும் திறந்து பாக்கற மாதிரி. அப்படித்தான் வேணும்னு நாமதான் கேக்கணும், தானா யாரும் குடுக்க மாட்டாங்க.

வராம இருக்கப் போறதும் இல்ல. யூரோப்போட புது சட்டம் 2024 ஜூலைல அமலுக்கு வந்துடுச்சு, டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்னு ஒவ்வொரு பொருளுக்கும் விவரம் குடுக்கணும், மொதல்ல எடுத்துக்கற பட்டியல்ல துணியும் இருக்கு. அதுல பிளாக்செயின்தான் போடணும்னு எங்கயும் சொல்லல, விவரம் வேணும்னு மட்டும்தான். நம்ம நாட்டுலயும் கஸ்தூரி காட்டன் பாரத் திட்டத்துல பிளாக்செயின் வச்சு ஜின்னிங்ல இருந்து ட்ரேஸ் பண்றாங்க, மத்திய அரசோட இந்தியப் பருத்திக் கழகமும் பேலுக்கு க்யூஆர் கோட் போட்டு எந்த பகுதில வாங்கினது, எந்த ஜின்னிங், எந்த தேதில பேல் கட்டினதுன்னு வைக்க ஆரம்பிச்சிருக்காங்க. கஸ்தூரிங்கறது தரத்துக்கான முத்திரை, ஆர்கானிக்கோட குழப்பிக்கக் கூடாது. ஆனா பேல் மட்டத்துல பதிவு வந்தா எங்களுக்கு ரொம்ப உதவி, இப்ப மில்லுகிட்ட பேல் விவரம் கேட்டா வர்றதுக்கே வாரக்கணக்கு ஆகுது.

அதனால கம்பெனி வச்சிருக்கறவங்க, என்ன மாதிரி டாக்குமெண்டேஷன்ல இருக்கறவங்க, சாஃப்ட்வேர் ஆள் வந்து டெமோ காட்டினா ஸ்கிரீன பாத்து மயங்காம கேளுங்க, மொத பதிவ யார் எழுதறாங்க, அவங்க எழுதினத எத வச்சு சரிபாக்கறீங்க, நாளைக்கு உங்க கம்பெனிய மூடிட்டா எங்க டேட்டா எங்க போகும், என் ஜாப் ஒர்க்காரர் ரேட்டு வெளிய தெரியுமா. பதில் தெளிவா வரலைன்னா அவசரப்பட வேண்டாம். டையிங்காரங்ககிட்ட லாட் வாரியா தண்ணி ரீடிங் இப்ப இருந்தே எழுதி வைக்க சொல்லுங்க, நோட்டுல எழுதினாலும் பரவால்ல, பின்னாடி எந்த சிஸ்டம் வந்தாலும் அத வச்சு ஆரம்பிச்சுக்கலாம். அடுத்த சீசன் ஆர்டருக்கு எங்க காஸ்டிங் ஷீட்ல நான் ரெண்டு வரி சேக்க சொல்லியிருக்கேன், ஒன்னு கிரே துணியில பிடி ஜீன் இருக்கான்னு பாக்கற ஜிஎம்ஓ டெஸ்ட் செலவு, இன்னொன்னு ட்ரேசபிலிட்டி டேட்டா போடற செலவு, ஜாப் ஒர்க்காரங்களுக்கு குடுக்க வேண்டியதையும் சேத்து. பையர் மொதல்ல அடிச்சுத் தள்ளுவாங்க, தெரியும். நூல் விலை, டையிங் சார்ஜ் மாதிரி அதுவும் ஷீட்ல ஒரு வரியா நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப போட்டு அனுப்பப் போறேன்.